நீரிழிவும் கண் பார்வையும்

நீரிழிவு நகரத்துச் செல்வந்தர்க்கே உரிய நோய் என்ற எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளது. உழுது பயிரிடுவோரும் இவர்களுள் பலர். இந்நோயால் வரும் கால் புண்ணுக்கு அஞ்சுகின்ற நம் மக்கள், கண்ணைப் பற்றி நினைப்பதில்லை.

எங்கள் ஒன்றியத்து விவசாயி ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவர், வலக்கண்ணில் கரிய நூல்கள் மிதப்பதாகச் சொல்லி வந்தார். கண்புரையாயிருக்கும், அறுவடைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். டாக்டர் சோதித்தபோது அது புரையன்று. விழித்திரையிலிருந்து இரத்தம் கசிந்திருந்தது. இன்று நெற்பயிரின் இலையில் புள்ளி விழுந்திருக்கிறதா என்றறிய, அவர் தம் பேரனை வயலுக்கு அழைத்துச் செல்கிறார்.

கண்ணின் உட்புறத்தே, பின்சுவரில் மெல்லிய படலமாக அமைந்தது விழித்திரை. இதற்கு உணவளிக்கும் இரத்த நாளங்கள் மயிரிழையினும் நுண்ணியவை. அவற்றை வயலுக்குள் ஓடும் சிறு வாய்க்கால்களாகக் கொள்வோம். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருக்குமாயின் அவ்வாய்க்கால்களின் கரைகள் நலிகின்றன. கரையைத் தாங்கி நிற்கும் அணுக்கள் மடிகின்றன. உடல் இதனைக் காயமாகவே கருதி அழற்சியைத் தொடங்குகிறது. அப்போது வந்து சேரும் வெள்ளணுக்கள் நாளங்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பாசி அடைத்தாற்போல் ஓட்டத்தை மறிக்கின்றன. ஒருபுறம் நீர் கசிந்து விழித்திரை வீங்குகிறது. மறுபுறம் கடைமடை காய்கிறது. காய்ந்த பகுதி புதிய நாளங்களை வருவித்துக்கொள்கிறது. அவசரத்தில் வெட்டிய வாய்க்காலுக்குக் கரை ஏது? அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பரவுகிறது.

இதில் கொழுப்பின் பங்கு யாது? பாமாயிலிலும் நெய்யிலும் மிகுந்துள்ள பால்மிடிக் அமிலம் என்னும் கொழுப்பு, விழித்திரை அணுக்களை அழற்சிப் பொருள்களைச் சுரக்கத் தூண்டுவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். சர்க்கரை செய்யும் கேட்டைக் கொழுப்பும் தன் வழியில் செய்யக்கூடும் என்பது இதனால் புலனாகிறது. எல்லாக் கொழுப்பும் பகையன்று. ஸ்பெயின் நாட்டில் நீரிழிவு நோயாளரிடையே நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், கொழுப்புள்ள கடல் மீனை வாரம் இருமுறை உண்பதற்கு ஒப்பான அளவில் உண்டவர்கட்கு, பார்வையைக் கெடுக்கும் விழித்திரை நோய் ஏறத்தாழப் பாதியளவே வந்தது. நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மத்தி மீன் அவ்வகையைச் சேர்ந்ததே.

நியாயவிலைக் கடைப் பாமாயிலை வாங்க வேண்டா என்று நாம் கூறவில்லை. ஏழைக் குடும்பம் வேறு எதை வாங்கும்? அளவைக் குறைக்கவே கூறுகிறோம். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதுமானது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடை சுடும் தேநீர்க் கடைகளை ஊராட்சி மன்றத்தார் கண்டித்துத் திருத்தலாம். அது எளிதன்று என்பதையும் அறிவோம். கடைக்காரர் பெரும்பாலும் உறவினராயிருப்பார்.

எனினும் தலையாய காப்பு சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே. அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் போட்டே வாழும் 1,441 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1993-இல் முடிவு வெளியிட்ட சோதனையில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோர்க்கு விழித்திரை நோய் தோன்றுவது 76 விழுக்காடு குறைந்தது. இரத்த அழுத்தத்தையும் உடன் கவனித்தல் வேண்டும்.

இந்நோய் தொடக்கத்தில் வலியோ மங்கலோ தருவதில்லை. ஆகவே பார்வை நன்றாயிருக்கும்போதே ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதிக்கச் செய்தல் வேண்டும். லேசர் ஒளியாலும், கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தாலும் நோய் பரவுவதைத் தடுக்கலாம். இழந்த பார்வை முழுவதும் மீள்வது அரிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் வீடுதோறும் மாத்திரை பெற்றவர்கள், மாத்திரை வந்ததோடு கடமை முடிந்ததாக எண்ணிவிடலாகாது. கண் மருத்துவ முகாம் நடைபெறும் நாளில் ஊராட்சி ஒரு வாகனம் ஏற்பாடு செய்யுமாயின் பலர் வருவர். பாவையை விரிக்கக் கண்ணில் மருந்துத் துளி விடுவதால் சில மணி நேரம் பார்வை மங்கியிருக்கும். அன்று எவரும் தாமே வண்டி ஓட்டி வரவேண்டா. துணைக்கு ஒருவரை அழைத்து வருக.