உஷார்! ஈறு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறீர்களா?

பல் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் இளநீர்க் கடையில் வண்டியை நிறுத்தாதீர்கள்! பொள்ளாச்சி இளநீரில் ஒரு குறையும் கிடையாது. அதில் செருகித் தரும் ஸ்ட்ராதான் ஆபத்து. ஈற்றைக் கீறி விலக்கி, வேரோடு ஒட்டிய காரையைச் சுரண்டித் தையல் போட்ட இடத்தில் ரத்தம் உறைந்து காயத்தை மூடி நிற்கும். ஸ்ட்ராவில் உறிஞ்சினால் அந்த உறைவு பெயர்ந்து, நின்ற ரத்தம் மறுபடி கசியும். டம்ளரில் ஊற்றி மெதுவாகக் குடியுங்கள்.

அடுத்த ஆபத்து வீட்டுக்குள் பாசத்தோடு வரும். "ஏனுங்க, உப்புத்தண்ணி கொப்புளிங்க, சீக்கிரம் ஆறிப்போயிருமுங்க" என்பார்கள். முதல் 24 மணி நேரம் கொப்புளிக்கவே கூடாது. துப்பவும் கூடாது. எச்சிலில் லேசான சிவப்பு தெரிவது சகஜம். அதைக் கண்டு பயந்து துப்பத் துப்பத்தான் ரத்தம் கூடும். கசிவு நிற்கவில்லையென்றால் சுத்தமான காஸ் துணியை நனைத்துப் பிழிந்து வைத்து, 20 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கன்னத்தில் சூடான ஒத்தடம் அன்று வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை வெளிப்பக்கம் வைத்தால் போதும். உப்புத்தண்ணியும் டாக்டர் எழுதித் தந்த வாய் கொப்புளிக்கும் மருந்தும் மறுநாளிலிருந்து, அதுவும் மெதுவாக.

வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஈற்றையே வேகவைத்துவிடும். புகையிலையும் பீடியும் காயத்தை ஆறவே விடாது.

சர்க்கரைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வழக்கம்போல மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு, வாய் வலிக்கிறதென்று பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். காரமில்லாமல் குழைய வடித்து ஆறவைத்த அரிசிம்பருப்பு சாதமும், மோர் விட்ட கம்மங்கூழும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. எதையும் மரப்பு தெளிந்த பிறகே சாப்பிடுங்கள். அதற்கு முன் சூடான காபி நாக்கைச் சுட்டாலும் தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க இருதய டாக்டர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நோயாளி எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. 2022–23-ல் வாணியம்பாடி வட்டாரத்தில் பரவிய மூளைத் தொற்றை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உள்ளிட்டோர் ஆராய்ந்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் மீலியாய்டோசிஸ் என்ற நோய் அது. பாதிக்கப்பட்டவர்களில் 10 பேர் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள். அந்தப் பத்தில் 8 பேர் இறந்துபோனார்கள்! அங்கே சேலைன் பாட்டிலை, ஈற்றை விலக்கும் கருவியாலேயே திறந்து, பஞ்சால் ஒப்புக்கு அடைத்து, அதையே அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

அதனால் நாற்காலியில் சாயும் முன்பே கேளுங்கள்: "டாக்டருங்க, சேலைன் புதுசா உடைச்சதுங்களா?" கூச்சப்பட வேண்டியதே இல்லை. ஒழுங்காகத் தொழில் செய்கிற டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீக்கம் இரண்டு, மூன்று நாள் ஏறி அப்புறம் வடியும். அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சீழ் வந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தாடைக்கு அடியில் கெட்டியாக வீங்கினாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலும், மூச்சு முட்டினாலும் விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள். காய்ச்சலோடு விடாத தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என்றாலும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிட்டு, கோவை அரசு மருத்துவமனையோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோ, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல் சிகிச்சை எந்தத் தேதியில் நடந்தது என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.