பெயர் சுட்டாத சட்டம்

ஒரு சட்டம் எவரை நோக்கி எழுதப்பட்டதோ அவரைப் பெயர் சுட்டாமலே நிலத்தினின்றும் விலக்க இயலுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1913 ஆம் ஆண்டு இயற்றிய அயலார் நிலச் சட்டத்தைப் பயிலுங்கால் இவ்வினா நம்முள் எழுகின்றது. அது ஜப்பானிய உழவரை நோக்கியே வந்தது. ஆயினும் 'ஜப்பானியர்' என்னும் சொல் அதில் இல்லை. 'குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார்' என்ற தொடரே உண்டு. அத்தகையோர் வேளாண் நிலம் வாங்கலாகாது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் கூடாது. 1920 இல் அக்குத்தகையும் பறிபோயிற்று.

இலக்கணம் பயிற்றும் நமக்குக் குறிப்புப் பொருள் புதிதன்று. அது நிலத்தைப் பறிப்பதுதான் புதிது. அன்றைய கூட்டரசுச் சட்டப்படி, குடியேறியோருள் வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினருமே குடியுரிமை கோரலாம். ஆசியர் எத்துணை ஆண்டு உழைப்பினும் அயலாரே. 1923 இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியரும் அச்சட்டம் கூறும் வெள்ளையர் அல்லர் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கு உழுதுகொண்டிருந்த பஞ்சாபியரும் இத்தொடருக்குள் அகப்பட்டனர்.

எனினும் அம்மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். ஆகவே பெற்றோர் மக்கள் பெயரில் நிலம் வாங்கலாயினர். கஜிரோ ஒயாமா என்பவர் 1934 இல் சான் டியாகோ பகுதியில் ஆறு ஏக்கர் நிலத்தைத் தம் ஆறு வயது மகன் பிரெட்டின் பெயரில் வாங்கினார். போர்க்காலத்தில், 1942 இல், அக்குடும்பம் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டது. அவர்கள் இல்லாத வேளையில், 1944 இல், நிலத்தைத் தனதாக்க அரசு வழக்கிட்டது! தகுதியற்றவர் பணம் கொடுத்துப் பிறர் பெயரில் வாங்கினாலே அது சட்டத்தை ஏய்க்கும் செயல் என்பது அரசின் வாதம். பிற தந்தையர் மகனுக்கு வாங்கினால் அது கொடை. இவர் வாங்கினால் வஞ்சகம். 1948 இல் உச்சநீதிமன்றம், குடிமகனாகிய பிரெட்டின் சம உரிமை மீறப்பட்டதெனக் கூறி நிலத்தைக் காத்தது. சட்டத்தையோ விட்டுவைத்தது. அதனை 1952 இல் செய் புஜீ வழக்கில் மாநில உச்சநீதிமன்றமே செல்லாதென்றது. 1956 இல் மக்கள் வாக்கெடுப்பு நீக்கியது.

புளோரிடா மாநிலத்தின் அரசியலமைப்பில் இத்தொடர் 2018 வரை நின்றது. அவ்வாண்டு வாக்காளர் அதனை அகற்றினர். ஐந்தே ஆண்டுகளில், 2023 இல், அம்மாநிலம் புதிய நிலச் சட்டமொன்றை இயற்றியது. இம்முறை குறிப்பு வேண்டப்படவில்லை. சீனா, ரஷ்யா, ஈரான் முதலிய ஏழு நாடுகளின் பெயர்கள் அதில் வெளிப்படையாகவே உள.