வெள்ளம் வடிந்தது... தூக்கம் மட்டும் திரும்பவில்லை!

சைதாப்பேட்டை. ராத்திரி மணி இரண்டு. கடைசி எலெக்ட்ரிக் ட்ரெயின் போய் வெகுநேரமாகிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் ஓர் அம்மா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புரண்டுகொண்டிருக்கிறார். வெளியே லேசாகத் தூறல் போட்டாலே போதும், எழுந்துபோய் வாசற்படியைப் பார்த்துவிட்டு வருவார்.

இவர் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு பொங்கிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்த அந்த ராத்திரியைப் பார்த்த குடும்பங்களுக்கு இவரை நன்றாகவே தெரியும். தண்ணீர் வடிந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. புது ஃப்ரிட்ஜும் வந்தாயிற்று. தூக்கம்?

"எப்பவோ நடந்ததுக்கு இப்ப என்ன கவலை? கண்டதையும் நினைக்காம தூங்கு!" என்கிறார் கணவர். தூங்கு என்று சொன்னால் தூக்கம் வந்துவிடுமா என்ன?

மூன்று காரணங்கள்

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980-களில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். தூக்கமின்மைக்குக் காரணம் மூன்று. ஒன்று, பிறவியிலேயே சட்டென்று பதறும் சுபாவம். இரண்டு, தூக்கத்தை முதலில் கெடுத்த சம்பவம். மூன்று, கெட்ட தூக்கத்தைப் பிடிக்க நாமே செய்யும் காரியங்கள்!

நம் அம்மாவையே பாருங்கள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லையே என்று ஒன்பது மணிக்கே படுக்கிறார். மதியம் ஒரு மணி நேரம் கண் அசருகிறார். தூக்கம் வராவிட்டாலும் "உடம்புக்காவது ஓய்வு" என்று படுத்தே கிடக்கிறார். நாளாக ஆக, கட்டிலைப் பார்த்தாலே மனசு விழித்துக்கொள்கிறது. வெள்ளம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இந்தப் பழக்கங்கள் போகவில்லை. மனோதத்துவ நிபுணர் கை வைப்பது இந்த மூன்றாவது காரணத்தில்தான்.

நோட்டுப் புத்தகம் சொல்லும் கணக்கு

முதலில் இரண்டு வாரம் 'தூக்க டைரி' எழுதச் சொல்வார். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், சுமாராக எவ்வளவு தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று காலையில் நாலு வரி. அம்மாவின் கணக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: கட்டிலில் இருந்தது 9 மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம்.

"அப்படின்னா இன்னும் சீக்கிரம் படுக்கணுமா?" என்று கேட்பீர்கள். இல்லை, நேர் எதிர்! ராத்திரி 12 மணிக்குத்தான் படுக்க வேண்டும், காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும் என்பார் நிபுணர். தூக்கத்துக்கும் பசி மாதிரிதான். சேர்த்து வைத்தால் நன்றாக எடுக்கும். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 100-க்கு 85 பங்காவது தூக்கமானால், வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டுவார். கூடவே சில கட்டளைகள்:

* எப்போது தூங்கினாலும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, எழும் நேரம் ஒன்றே.
* கட்டிலில் டி.வி., செல்போன், வீட்டுக் கணக்கு எதுவும் வேண்டாம்.
* சுமார் 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால், வேறு இடத்தில் போய் உட்காருங்கள். கண் சொக்கியதும் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.
* பகல் தூக்கம் கூடாது.

முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் அசத்தும். அந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு சந்திப்புகளில் முடிகிற சிகிச்சை இது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016-ல் பரிந்துரைத்தது.

மனசும் சோர்ந்தால்...

தூக்கம் கெட்டவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2011-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. மனச்சோர்வு வந்தால் தூக்கம் மேலும் கெடும். விடியற்காலை மூன்றுக்கும் நாலுக்கும் விழிப்பு, எதிலும் பிடிப்பின்மை, பசியின்மை, அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

இதற்கு நிபுணர் செய்வது என்ன? 'மனசு சரியானதும் வெளியே போகலாம்' என்று காத்திருக்க விடமாட்டார். போனால்தான் மனசு சரியாகும் என்பார். தினமும் சின்னதாக ஒரு வேலை: காரணீஸ்வரர் கோயில் வரை நடை, மார்க்கெட்டில் காய், அக்காவுக்கு ஒரு போன். கோவாவில் இந்த முறையைச் சோதித்தார்கள்; முடிவு 2017-ல் வெளியானது. சாதாரணமானவர்களுக்கே பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உதவச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் அந்த உதவி கிடைத்தவர்களில் 100-க்கு 64 பேருக்குச் சோர்வு விலகியது. கிடைக்காதவர்களில் 39 பேருக்குத்தான்.

யாரிடம் போவது?

"சைக்காலஜிஸ்ட்கிட்ட போனா கீழ்ப்பாக்கம் கேஸ்னு சொல்லிடுவாங்களே!" என்ற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. 1794-ல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கே தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் வெளிநோயாளியாக வந்து, பார்த்துவிட்டு, வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மனநல டாக்டர் மருந்து எழுதுவார். மனோதத்துவ நிபுணர் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருவார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்'தானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சிலர் முதலில் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். பலத்த குறட்டையோடு மூச்சுத் திணறுகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், இரண்டு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் படபடவென்று பேசிக் கண்டபடி செலவு செய்கிறவர்கள்... இவர்களுக்குத் தூக்க நேரத்தைக் குறைப்பது ஆபத்து. வெள்ளக் காட்சி இப்போதுதான் நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தந்த தூக்க மாத்திரையைப் போடாதீர்கள்; டாக்டர் எழுதியதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்ற எண்ணம் தலைகாட்டினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசும். தற்கொலைத் தடுப்புக்கென்றே 1986-ல் சென்னையில் தொடங்கப்பட்ட 'சிநேகா' அமைப்பும் இருக்கிறது.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: "தூங்கு, தூங்கு" என்று விரட்டாதீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்தால், "என்னம்மா, மழைச் சத்தமா?" என்று கேளுங்கள். மறுநாள் காலையில் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள். சிகிச்சை அங்கேதான் ஆரம்பம்!