'ஸ்வெயர் இன்' என்றால் என்ன?

தோட்டப் பிள்ளைகள் சிலர் ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவந்து எம்மிடம் கேட்டார்கள்: "ஸ்வெயர் என்றால் சத்தியம் பண்றது. சரி. பின்னால ஏன் 'இன்' வருது?"

நல்ல கேள்விதான். 'இன்' என்றால் உள்ளே. சத்தியம் செய்வித்து ஒருவரைப் பதவிக்குள் சேர்த்துக்கொள்வதே 'ஸ்வெயர் இன்'. நம் பத்திரிகைகள் இதைச் சத்தியப்பிரமாணம், பதவிப்பிரமாணம் என்று எழுதும். இதில் இரண்டு பேர் வேண்டும்: செய்து வைப்பவர், செய்துகொள்பவர். செய்து வைப்பவரைச் சொன்னால் 'ஸ்வோர் இன்', செய்துகொண்டவரைச் சொன்னால் 'வோஸ் ஸ்வோர்ன் இன்'. பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறுவது இங்கேதான்.

யாழ்ப்பாணத்துச் செய்தியொன்றை வைத்துப் பார்ப்போம். 2013 செப்டம்பர் 21ஆம் திகதி வட மாகாணசபைத் தேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன் ஒக்டோபர் 7ஆம் திகதி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச முன்னிலையில் முதலமைச்சராகச் சத்தியப்பிரமாணம் செய்தார். ஜனாதிபதி 'ஸ்வோர் இன்'. விக்னேஸ்வரன் 'வோஸ் ஸ்வோர்ன் இன்'. யார் முன்னால் சத்தியம் செய்வது என்பதே அப்போது வடக்கில் பெரிய வாக்குவாதமாயிற்று. 11ஆம் திகதி உறுப்பினர்கள் பலர் யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் முதலமைச்சர் முன்னிலையில் செய்துகொண்டார்கள். நாலு நாளுக்கு முன் செய்துகொண்டவர், இப்போது செய்து வைப்பவர்!

சத்தியம் வெறும் சடங்குதானே என்று நினைக்கக் கூடாது. 1983 ஓகஸ்டில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. காங்கேசன்துறை உறுப்பினரும் எதிர்க்கட்சித் தலைவருமான அ. அமிர்தலிங்கமும் தமிழர் விடுதலைக் கூட்டணியினரும் அதைச் செய்யவில்லை. ஆசனங்கள் போய்விட்டன. சனங்கள் போட்ட வாக்கு போட்டபடிதான் இருந்தது. ஆனால் அவர்களுக்காகப் பேச அந்தச் சபையில் ஆளில்லை. அரச உத்தியோகத்தருக்கும் அந்தச் சத்தியம் உண்டு. ஆசிரியர் நியமனம் கிடைக்கும் நம் தோட்டப் பிள்ளையும் அதில் கையொப்பமிட்டே ஆக வேண்டும்.

'ஸ்வெயர் பை' வேறு. "முருகன் மேல சத்தியமா" என்கிறோமே, அதுதான். வெறும் 'ஸ்வெயர்' என்பதற்குக் கெட்ட வார்த்தை பேசுவது என்ற பொருளும் உண்டு. வாக்கியத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

பதவி நமக்கு வராவிட்டாலும் சத்தியம் நம் வீட்டுக்கு வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சேமலாப நிதிக் கணக்கில் இன்னொரு பெயர் என்றால், "ஜே.பி. கிட்ட அப்பிடவிட் எடுத்துட்டு வா" என்பார்கள். சத்தியக்கடதாசி அதுதான். இந்துவானால் 'ஸ்வெயர்' என்று இருக்கத் தேவையில்லை. 'அஃபர்ம்', அதாவது உறுதியுரை, போதும். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே பலம். பொய் என்று தெரிந்தே சொன்னால் இரண்டுக்கும் தண்டனை உண்டு.

ஆகவே அவசரமென்று வெறுந்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். தட்டச்சுக்காரர் கையில் கொடுத்தனுப்பாமல், சமாதான நீதவான் முன்னால் நீங்களே போய் நில்லுங்கள். வாசிக்கத் தெரியாதவரென்றால், கடதாசியை வாசித்து விளங்கப்படுத்தியதாக அதன் அடியில் அவர் எழுத வேண்டும். "ஐயா, அத எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு கையை வையுங்கள்.