போர் ஓய்ந்தது, மனம் ஓய்ந்ததா?

யுத்தம் என்றைக்கு முடிகிறது? சரித்திர ஆசிரியர் ஒரு தேதியைக் குறித்துவிட்டு மேலே செல்லலாம். களத்தில் நின்றவனின் உள்ளத்திலே அது முடிவதற்கு நெடுங்காலம் செல்லும். இவ்வுண்மையை நம் தாய்மொழியிலேயே உலகறியப் பேசிய படம் ஒன்றுண்டு. 2015-ம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் ‘தங்கப் பனை’ என்னும் தலையாய விருதைப் பெற்ற ‘தீபன்’ என்பதே அது.

பிரெஞ்சு நெறியாளர் ஜாக் ஓடியார் உருவாக்கிய இப்படத்தின் உரையாடல்களிற் பெரும்பகுதி தமிழ். தீபனாகத் தோன்றுபவர் அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. இளமையில் இயக்கத்திலிருந்து, பின்னர் விலகிப் பிரான்சு சேர்ந்தவர் அவர். ஆதலின், அவர் முகத்திற் காணும் சோர்வை நடிப்பென்று மட்டும் சொல்ல மனம் ஒப்பவில்லை.

தோழர்களின் சிதைக்கு ஓலை அடுக்கும் போராளி ஒருவன், தன் சீருடையையும் அத்தீயிலே இடுகிறான். இறந்துபோன ஒருவனின் கடவுச்சீட்டை ஏற்று, முன்பின் அறியாத பெண்ணொருத்தியையும் அநாதைச் சிறுமி ஒருத்தியையும் மனைவி, மகள் எனக் காட்டிப் பிரான்சு சேர்கிறான். வெளிநாட்டுப் பயணத்துக்காக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிற் காத்துக் கிடந்தோரைக் கண்ட நமக்கு இக்கதை புதிதன்று.

பாரிஸ் புறநகர்க் குடியிருப்பொன்றின் காவற்காரனாக அவன் வாழத் தொடங்குகையில், பழைய தளபதி ஒருவர் எதிர்ப்படுகிறார். ஆயுதம் வாங்கப் பணம் திரட்டு என்கிறார். தீபன் மறுக்கிறான், அடி விழுகிறது. பின்னர் குடித்துவிட்டுத் தனியே பழைய போர்ப்பாட்டைப் பாடுகிறான். வாய் மறுத்ததை நெஞ்சு மறக்கவில்லை.

இதனோடு 2012-ல் பால் தோமஸ் அண்டர்சன் ஆக்கிய ‘தி மாஸ்டர்’ என்னும் அமெரிக்கப் படத்தை ஒப்பிடுதல் தகும். இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட கடற்படை வீரன் பிரெடி, குடியாலும் கோபத்தாலும் அலைந்து, நாவன்மை மிக்க குரு ஒருவரை அடைகிறான். முற்பிறவி நினைவைத் தோண்டினால் நோய் தீரும் என்பது அவர் போதனை. குரு ஓயாது வினவுகிறார். ஆனால் விடையைத் தாமே முன்கூட்டி வைத்திருக்கிறார்.

ஆணைக்குப் பழகியவனுக்கு, ஆணையிட ஆளில்லாத வாழ்வு பெருஞ்சுமை. அவ்வெறுமையைக் கண்டுகொள்பவர் எளிதிலே அவனுக்குத் தலைவராகிவிடுகிறார். தீபனைத் தாங்குவதோ தலைவரல்லர். பொய்யாகத் தொடங்கி மெய்யாகிவரும் குடும்பமே. குண்டர்களின் துப்பாக்கிகளுக்கிடையே அவன் நிலத்தில் வெள்ளைக் கோடிட்டு, இது சூடு தவிர்ப்பு வலயம் என அறிவிக்கும் காட்சி, 2009-ஐ அறிந்தோர் நெஞ்சைப் பிளக்கும். இறுதியில் அவன் மீண்டும் ஆயுதமேந்தியே அப்பெண்ணை மீட்பது, இப்படத்தின் குறையென்றே எனக்குத் தோன்றுகிறது.

2009 மே மாதத்தில் நம் நாட்டு யுத்தம் முடிந்தபின், சுமார் 12,000 முன்னாட் போராளிகள் புனர்வாழ்வு முகாம்கள் வழியே வெளிவந்தனர். தென்னிலங்கைக் கிராமங்களுக்கும் காயமுற்ற சிப்பாய்கள் பலர் மீண்டனர். அவர்களுட் சிலர் நம் அயலிலும் இருக்கலாம். மாணவர்களே, அவர்களிடம் வீரக்கதை கேட்க விரையாதீர்கள். அவர்கள் தாமாகப் பேசும் நாளிலே, குறுக்கிடாது கேட்டிருங்கள். குருவும் தளபதியும் செய்யத் தவறியது அதுவே.