ஸ்பிளெண்டரில் பேட்டரி ஏற்றலாமா?

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஸ்பிளெண்டர் அதைக் குடித்து 60 கிலோமீட்டர் ஓடும். அதே வண்டி மோட்டாரில் ஓடினால், அந்த 60 கிலோமீட்டருக்கு 2 யூனிட் சொச்சம் போதும். மீதி எங்கே போகிறது என்பதை ஓடி நின்ற வண்டியின் சைலன்சருக்குப் பக்கத்தில் காலை வைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பேட்டரி ஃபோர்க்லிஃப்ட்கள் என் பொறுப்பு. அது தெரிந்துதான் திருநின்றவூரில் எங்கள் தெருத் தம்பி கேட்டான்: "அண்ணா, அப்பாவோட ஸ்பிளெண்டர் சும்மாதான் நிக்குது. இன்ஜினைக் கழட்டிட்டு பேட்டரி வெச்சிடலாமா?"

வைக்கலாம். வேலை பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது கடினமே இல்லை. இன்ஜின், கார்புரேட்டர், சைலன்சர், செயின் எல்லாம் இறங்கிவிடும். பின்சக்கரத்தின் நடுவில் ஹப் மோட்டார் வரும். அதன் உள்ளே காயில் சுற்றிய பகுதி ஆக்ஸிலோடு அசையாமல் நிற்க, காந்தம் பதித்த வெளிக்கூடு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பேட்டரி தருவது டி.சி.; அதை மூன்று ஃபேஸாகப் பிரித்து, எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்று தீர்மானிப்பது கன்ட்ரோலர். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தர ஒரு கன்வெர்ட்டர். கிளட்ச், கியர் கிடையாது.

இதில் பலரும் கவனிக்காத இடம் ஆக்ஸில். செயின் வண்டியில் ஆக்ஸில் சக்கரத்தைத் தாங்கினால் போதும். ஹப் மோட்டாரிலோ, சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸில் பின்னோக்கித் திருகப் பார்க்கும். அதைப் பிடித்துக்கொள்ள ஸ்விங் ஆர்மில் தனித் தகடு போட்டு இறுக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே இதைப் பற்றிப் பேசுகிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்த பூசலார் நாயனாரின் ஊர் எங்கள் திருநின்றவூர். வண்டியையும் முதலில் காகிதத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம். 72 வோல்ட், 40 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 2.88 யூனிட். கிலோமீட்டருக்கு 35 வாட்-ஹவர் என்று வைத்தால் 80 கிலோமீட்டர் வரும். பின்னால் ஆள் உட்கார்ந்து, எதிர்காற்று அடித்து, பேட்டரிக்கும் வயதானால் 60-ஐ நம்பலாம். சி.டி.எச். ரோட்டில் பட்டாபிராம், ஆவடி வழியாக எஸ்டேட் போய்வர 40 கிலோமீட்டருக்குள்தான். ஆவடி நெரிசலில் நிற்கும்போது மோட்டார் கரண்ட் இழுக்காது என்பது கூடுதல் லாபம்.

அந்த 40 கிலோமீட்டருக்கு பெட்ரோல் செலவு 65 ரூபாய்க்கு மேல். மின்சாரத்துக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, பத்துப் பதினைந்து ரூபாய். நாளைக்கு ஐம்பது ரூபாய் சொச்சம் மிச்சம்; மாதம் 25 நாள் வேலை என்றால் சுமார் 1,300 ரூபாய். மகாராஷ்டிரத்தின் தானேயைச் சேர்ந்த கோகோஏ1 நிறுவனம் 2021-இல் ஸ்பிளெண்டருக்கான கிட்டை 35,000 ரூபாய்க்கு அறிவித்தது. பேட்டரி தனி, எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சத்தை நெருங்கும். அந்தப் பணம் திரும்பி வர ஆறு வருடம் ஆகும்.

இந்த ஆறு வருடத்தைக் குறைக்கத்தான் ஆட்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள். மோட்டாரில் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. அதனால் கை பேட்டரிக்குப் போகிறது. பழைய பேக்குகளில் இருந்து பிரித்த செல்களை அடுக்கி, வெல்டிங் போட்டு, டேப் சுற்றிய பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கும். செல்களுக்குள் வயது வித்தியாசம் இருந்தால் ஒன்று நிரம்பி வழியும்போது இன்னொன்று பாதியில் நிற்கும். ஒவ்வொரு செல்லையும் கண்காணித்துத் துண்டிக்க வேண்டிய பி.எம்.எஸ். சர்க்கியூட்டும் மலிவானதாக இருந்தால், காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த வருடத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தர விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. எங்கள் பக்கம் பல வீடுகளில் வண்டி நிற்பது மாடிப்படிக்குக் கீழே. வெளியே வர இருப்பதும் அந்த ஒரே வழி. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் சார்ஜ் போடும் இடத்தை ஆட்கள் தப்பிக்கும் பாதையில் வைக்க விடமாட்டோம். வீட்டுக்கும் அதே விதி வேண்டும் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் எடை கூடுதல்தான். ஆனாலும் சூட்டைத் தாங்கும், ஆயுளும் அதிகம். நம் ஊர் வெயிலுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, அனுமதி இல்லாமல் வண்டியின் அடிப்படையை மாற்றக் கூடாது. கிட் ஏ.ஐ.எஸ். 123 தரத்தில் தேறியிருக்க வேண்டும். அதுவும் உங்கள் வண்டி மாடலுக்கென்று. புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையங்கள் அந்தச் சான்றைத் தருகின்றன. நம் ஒரகடத்திலும் அப்படி ஒரு மையம் இருக்கிறது. பொருத்திய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றி, இன்சூரன்ஸிலும் தெரிவிக்க வேண்டும். நம்பர் பிளேட் பச்சையாகும். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் முதலில் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். தம்பியின் அப்பா வண்டி அந்த வயதைத் தாண்டியது. சேஸிஸ் துருவில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஆர்.சி. புதுப்பிப்பை முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அங்கீகாரம் பெற்ற கிட்டுக்குப் பணம் சேராவிட்டால் பெட்ரோலிலேயே ஓட்டட்டும்.

மழைக்காலம் பற்றியும் அவனிடம் பேசினேன். ஏரி நிரம்பினால் எங்கள் ஊரின் தாழ்வான தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஸ்பிளெண்டரின் ஆக்ஸில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஹப் மோட்டார் முழுக்க முங்கிவிடும். ஐ.பி. 67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். இரவு முழுக்கத் தண்ணீரில் நிற்க அது போதாது. அந்த நாட்களில் வண்டியை மேட்டுத் தெருவில் விட வேண்டும். நனைந்துவிட்டால், கனெக்டர்களைக் கழற்றி, துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜர் சொருக வேண்டும்.