உங்கள் கத்தி ஒரு காலத்தில் லாரியைச் சுமந்தது தெரியுமா?

கும்மிடிப்பூண்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மின்சார ரயிலா? சிப்காட்டா? வீடு கட்டும் கம்பியா? கத்தி என்று ஒருவராவது சொல்வார்களா? கையால் கத்தி அடித்து, அதற்குத் தோல் உறையும் தைக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த வட்டாரம் ஒரு புதையல்! எப்படி என்கிறீர்களா?

கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் வெட்டும் கருவி செய்யும் தொழில் எத்தனை வருடப் பழமை, ஊகித்துச் சொல்லுங்கள். 500? 5,000? இல்லை! 15 லட்சம் வருடம்! எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை! கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு தோண்டி எடுத்த கல் கைக்கோடரிகளின் வயது அது. 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. அந்தக் கருவிகளைச் செய்த காலத்தில் நம் மனித இனமே பிறக்கவில்லை!

கல்லின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரை வைத்து! கல் வெட்டவெளியில் கிடக்கும்போது அந்தக் கதிர்கள் பட்டு அதற்குள் அபூர்வமான பெரிலியம், அலுமினிய அணுக்கள் உண்டாகின்றன. மண்ணுக்குள் புதைந்ததும் அவை வெவ்வேறு வேகத்தில் தேயத் தொடங்குகின்றன. மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும்! அதே ஊரில் 3,85,000 வருடங்களுக்கு முன்பே ஆட்கள் பெரிய கோடரியை விட்டுவிட்டு, கல்லை முன்கூட்டியே செதுக்கித் தயார் செய்து, ஒரே அடியில் மெல்லிய கூர்ச் சில்லுகளைப் பெயர்த்தெடுக்கப் பழகிவிட்டார்கள். இதைச் சொன்னது 2018-ல் ‘நேச்சர்’ இதழ். அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கருவிகள் 7,000-க்கும் மேல்!

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி எங்கே தெரியுமா? பல்லாவரத்தில்! 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் அங்கே ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். நான்கே மாதத்தில் அத்திரம்பாக்கமும் அவர் கண்ணில் பட்டது! அத்திரம்பாக்கத்துக்கு அருகே பூண்டி பக்கம் போனால் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். நீர்த்தேக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, இரும்புக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பழைய இரும்பை 1,600 டிகிரிக்குப் பக்கத்தில் உருக்கி டி.எம்.டி. கம்பி ஓட்டுகிறார்கள். அந்தக் கம்பியில் ஒரு கத்தி அடிக்க முடியுமா? அடிக்கலாம். கூர் நிற்காது! ஏன்? கார்பன் போதாது! இந்தியத் தரநிலைப்படி கட்டடக் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கத்திக்கோ குறைந்தது அதைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும். அந்தத் துளியூண்டு வித்தியாசத்தில்தான் இருக்கிறது எல்லாம்!

அப்படியானால் கத்தி இரும்புக்கு எங்கே போவது? காயலான் கடைக்கு! லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை இருக்கிறதே, அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம்! நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாள் அடிப்பவர்கள் காலங்காலமாகத் தேடிப் போவது இந்தப் பட்டையைத்தான். தேசிய நெடுஞ்சாலையில் டன் கணக்கில் சுமந்து ஓய்ந்த இரும்பு, உங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்குகிறது!

கம்பியை அவ்வளவு லேசாக நினைத்துவிடாதீர்கள்! டி.எம்.டி. கம்பி ஒன்றைக் குறுக்கே அறுத்து, முகத்தை வழவழவென்று தேய்த்து, நைட்ரிக் அமிலம் கலந்த ஸ்பிரிட்டைத் தடவிப் பாருங்கள். ஓரம் முழுக்க ஒரு கரிய வளையம் எழும்பி வரும்! என்ன அது? சுமார் 1,000 டிகிரி சூட்டில் செக்கச்செவேல் என்று ஓடிவரும் கம்பி மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். மேல்தோல் ஒரு நொடியில் இறுகுகிறது. உள்ளே மிச்சமிருக்கும் சூடு வெளியே வந்து, இறுகிய தோலை அதுவாகவே பதப்படுத்துகிறது! சூடாக்கு, சட்டென்று குளிரவை, மறுபடி இளஞ்சூடு காட்டு. கொல்லர் உலையில் ஒரு கத்திக்குச் செய்கிற அதே தோய்ச்சல், இங்கே ஓடுகிற கம்பியில் நடக்கிறது!

உலையில் கிடக்கும் கத்தி பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க என்ன கருவி வேண்டும்? சாதாரண காந்தம் போதும்! 770 டிகிரியைத் தொட்டதும் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதையே நிறுத்திவிடும்! ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் சூடேற்றி, நேராக எண்ணெயில் இறக்க வேண்டும். ஏன் எண்ணெய்? தண்ணீரில் முக்கினால் சில வகை இரும்பு ‘டிங்’ என்று விரிசல் விட்டுவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அத்தனை நேர உழைப்பும் போச்சு! எண்ணெயிலிருந்து எடுத்த கத்தி மேல் அரத்தை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி மேல் போவது போல வழுக்கும். அரமே தோற்றுவிடுகிறது!

ஆனால் இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தால்? இரண்டாக உடையும்! அதனால்தான் மறுபடி 200 டிகிரி வாக்கில் இளஞ்சூடு. அப்போது பளபளப்பாகத் தேய்த்த இரும்பில் வண்ணங்கள் பூக்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் 300 டிகிரி வாக்கில் நீலம்! யாரும் சாயம் பூசவில்லை! தலைமுடி தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் தேறாத ஆக்சைடு படலம் ஒளியோடு விளையாடும் விளையாட்டு அது. கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்த வேண்டும். நீலம் வரை விட்டால் கூர் தாங்காது!

இந்த இரும்பு வித்தையில் நம் முன்னோரைப் பார்த்து வாய் பிளந்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே! மின்சாரத்தின் மாமேதை! அவர் அப்பா ஒரு கொல்லர். லண்டனில் கத்தி செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்துகொண்டு, நம் ஊர் உருக்கின் ரகசியத்தைப் பிடிக்க ஃபாரடே வருடக்கணக்கில் போராடினார். வெள்ளியைக் கலந்தார்கள், பிளாட்டினத்தையே கலந்தார்கள்! ரகசியம் சிக்கவில்லை. விடை என்ன? குகை எனப்படும் மூடிய மண்கலத்துக்குள் இரும்பும் கரியும் சேர்ந்து உருகி, கார்பன் 1.5 சதவீதம் வரை ஏறியதும் அது நிதானமாக ஆறிய விதமும்தான்! அந்தக் குகைகளின் மிச்சம் கொடுமணலிலும், பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவளூரிலும் கிடைத்திருக்கிறது.

இந்திய உருக்கில் பிறந்தவைதாம் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள். 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் விஞ்ஞானிகள் 17-ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தார்கள். உள்ளே என்ன இருந்தது? கார்பன் நானோ குழாய்கள்! இன்றைய கத்திக் கலைஞர்கள் டமாஸ்கஸ் என்று சொல்வது வேறு வகை. இருவகை இரும்பை அடுக்கி, அடித்து ஒட்டி, மடிப்பார்கள். 10 அடுக்கில் தொடங்கி ஏழே முறை மடித்தால் எத்தனை அடுக்கு? 1,280!

இனி உறை. உலகின் மிகப் பழைய கத்தி உறைகளில் ஒன்றைப் பார்க்க வேண்டுமா? 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுத்த ‘ஓட்சி’ மனிதரிடம் இருக்கிறது! மரநாரில் பின்னிய உறை, உள்ளே கல் கத்தி. வயது சுமார் 5,300 வருடம்! இப்போது இதைக் கேளுங்கள். நம் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் கல் கத்தியைச் செருகிக்கொண்டு பனிமலை ஏறிய அதே காலம்!

உறைக்கு எந்தத் தோல் நல்லது? ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சரக்கில் பதனிட்ட தோல்! தண்ணீரில் நனைத்து, கத்தி மேல் போர்த்தி, விரலால் அழுத்தி விட்டுவிடுங்கள். காய்ந்ததும் கத்தியின் அச்சு அப்படியே நிற்கும்! குரோமியத்தில் பதனிட்ட மெத்தென்ற தோலில் இது நடக்காது. தையலிலும் ஓர் ஆச்சரியம். மெழுகு தடவிய ஒரே நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி! குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளும் எதிரெதிரே நுழைகின்றன. ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை அவிழாது! மெஷின் தையலுக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டா?

எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் அடிக்கலாமா? ஆகாது! ஆயுத விதிகள் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று கோடு போடுகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கத்திகளுக்கு மட்டும் விலக்கு.

ஒரு கடைசி வியப்பு! ஈரமான உறைக்குள் கத்தியை வைத்து மறந்துபோனால் என்ன ஆகும்? கத்தி துருப்பிடிக்கும், தோலில் கறுப்புக் கறை படியும்! அந்தக் கறை என்ன தெரியுமா? மை! அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கடுக்காயையும் சேர்த்து அந்தக் காலத்தில் காய்ச்சினார்களே, அதே மை! தோலிலிருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறந்துவிடுகிறது. கைதேர்ந்தவர்கள் இந்த விபத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்! இரும்புத்தூளை வினிகரில் சில நாள் ஊறவைத்து, வடிகட்டி, பழுப்பு உறை மேல் துணியால் ஒரு தடவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னங்கரேல்! அது மேற்பூச்சும் அல்ல, தோலுக்குள்ளேயே விளைந்த நிறம். எவ்வளவு தேய்த்தாலும் உரியாது!